பதினஞ்சு அண்ணன் சொன்ன காற்று

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே காற்றை மிக அதிகமாக நம்பியவரும், காற்றால் மிக அதிகமாக ஏமாற்றப்பட்டவரும் ஒரே ஆள்தான். மாசாயில் எங்கள் தெருவில், எங்கள் வரிசையிலேயே, கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவர் மனைவியே "இந்தாங்க" என்று கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வார். எங்கள் எல்லாருக்கும் அவர் பதினஞ்சு அண்ணன்.

விண்ட்சர்ஃபிங், அதாவது ஒரு பலகையில் பாய்மரத்தை மாட்டி அதன்மேல் நின்றுகொண்டு கடலில் ஓட்டுவது, அவருடைய பைத்தியம். வார விடுமுறைக்கு முதல் நாள் மாலை எங்கள் தெரு வாட்சாப் குழுவில் அவர் குரல் வரும். "வணக்கம். எல்லாரும் சாப்டீங்களா? நாளைக்கு மத்தியானம் பதினஞ்சு நாட் வருது. கன்ஃபர்ம்." நாட் என்பது கடலில் காற்றின் வேகத்தைச் சொல்லும் அளவு. பதினைந்து நாட் அடித்தால் கொடியில் காயும் வேட்டி படுக்கைவாட்டில் பறக்கும். பலகையில் நிற்பவர்களுக்கு அன்று தீபாவளி. ஆனால் தெற்கு ஜொகூரில் ஆண்டுக் கடைசியில் வரும் பருவக்காற்றை விட்டால் அப்படி அடிப்பது அபூர்வம். மற்ற நாட்களில் எங்கள் ஊர்க் காற்று, சிங்கப்பூர்ப் பாலத்தில் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி. இருக்கும், நகராது.

அவருடைய அறிவிப்பால் தெருவுக்கு நல்ல பயன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பதினஞ்சு என்று சொன்ன மறுநாள் ஓர் இலைகூட ஆடாது என்பது அனுபவத்தில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனவே அந்தக் குரல் வந்த உடனே எதிர்வீட்டுக்காரர்கள் தெருவில் பேட்மிண்டன் வலை கட்டத் தொடங்குவார்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கக் காத்திருந்தவர்கள் டின்னை எடுத்துக் குலுக்குவார்கள். காரணம் தெரியாமல் அவர் பெருமைப்படுவார். "நம்ம மெசேஜ எல்லாரும் ஃபாலோ பண்றாங்க அக்கா."

நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை அக்கா என்பார். எங்களில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்க்கப்படவில்லை.

எங்கள் மாநிலத்தில் வெகுகாலம் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்து, அண்மையில்தான் சனி ஞாயிறுக்கு மாறியது. கிறிஸ்தவர்களான எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாமல் பூசைக்குப் போக முடிந்ததில் சந்தோஷம். பதினஞ்சு அண்ணன் மட்டும் இடிந்துபோனார்.

"வெள்ளிக்கெழமை என்னமா அடிக்குது தெரியுமா அக்கா. நான் வேன் ஓட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டே போறேன். ஞாயித்துக்கெழமை பீச்சுக்குப் போனா செத்துக் கெடக்குது. காத்துக்கு இன்னும் சர்க்குலர் போகல போல."

"நீங்களே ஒரு காப்பி எடுத்து ஒட்டிருங்களேன் அண்ணே."

"எங்க லா ஒட்டுறது?" என்றார். உண்மையாகவே இடம் தேடுகிறவர் போல வானத்தைப் பார்த்தார்.

வேன் என்றது, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு அவர் ஆள் ஏற்றும் வேன். வாரநாளில் பெண்கள், வார விடுமுறையில் பலகைகள். இரண்டையும் பிரித்து வைக்க அவருக்கு நேரம் இருக்காது. திங்கட்கிழமை காலையில் ஏறும் பெண்கள் பாய்மரக் கம்புக்கு இரு பக்கமும் காலைப் பரப்பி உட்கார்ந்து போய், பின்பக்கம் மணலோடு ஃபேக்டரி வாசலில் இறங்குவார்கள். நான் ஒருமுறை இதைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஒரு பொண்ணு சுருட்டி வெச்ச பாய்மேல தலைய வெச்சுத் தூங்குது அக்கா. கழுத்து வலியே போயிருச்சுன்னு சொல்லுது. தலைகாணி மாதிரி இன்னொண்ணு கெடைக்குமான்னு கேக்குது."

காற்று வராதவருக்கு சாமான் வாங்கும் ஆசை எப்படி வந்தது என்று நான் யோசித்ததுண்டு. காற்று வராததால்தான் வந்தது. ஒவ்வொரு புதுச் சாமானும் இன்னும் குறைந்த காற்றில் ஓடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஃபாய்ல் என்று ஒன்று வந்தது. பலகைக்கு அடியில் நீளமாக ஒரு தண்டு. தண்டின் நுனியில் குட்டி விமானம் போல முன்னும் பின்னும் இறக்கை. பலகை ஓடத் தொடங்கியதும் தண்ணீருக்குள் இருக்கும் அந்த இறக்கை மேலே தூக்கிக் கொடுக்க, பலகை கடலைவிட்டு எழும்பி, சத்தமே இல்லாமல் பறக்கும்.

"எட்டு நாட் போதும் அக்கா. வெறும் எட்டு."

"அப்ப பேர மாத்திரலாமா?"

"வேணாம் அக்கா. பதினஞ்சு வந்தா இன்னும் நல்லது."

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் அந்த ஃபாய்லைப் பாதி விலைக்கு வாங்கி, வேனில் வைத்துப் பாலத்தைத் தாண்டியிருக்கிறார். சுங்கத்தில் ஓர் அதிகாரி அந்தக் கறுப்பு இறக்கைகளைப் பார்த்துவிட்டு, "இனி அப்பா?" என்று கேட்டார். இது என்ன என்று கேட்டவருக்கு ஃபாய்ல் என்று சொன்னால் புரியாதே என்ற நல்ல எண்ணத்தில், பதினஞ்சு அண்ணன் மலாயில் "தண்ணிக்கு அடியில போற ஏரோப்ளேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவரை உட்கார வைத்து, பெரிய அதிகாரியை வரவழைத்து, அவருக்கும் விளக்கி, நடைபாதையில் பலகையைப் போட்டு ஏறி நின்று, முழங்காலை மடக்கி, இல்லாத பாயைப் பிடித்து, இல்லாத கடலில் போய்க் காட்டிய பிறகுதான் விட்டார்களாம். "பெரிய ஆபிசர் எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாரு அக்கா. இதெல்லாம் ஓட்ட நம்ம ஊர்ல காத்து இருக்கான்னு."

அடுத்தது விங். பாய்மரமே வேண்டாம், காற்று நிரப்பிய பெரிய இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபாய்ல் பலகையில் நின்றால் போதும் என்றார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை தெருவிலேயே பம்பு அடித்துத் தூக்கிப் பார்த்தார். அதற்கு முதல் நாள் அவர் எந்த அறிவிப்பும் செய்யாததால் அன்று நல்ல காற்று இருந்தது. ஒரே ஓர் அடி. விங் அவர் கையைவிட்டு எழும்பி, தெருவைத் தாண்டி, எதிர்வரிசையில் நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்த வீட்டின் கார்ப்போர்ச் கூரையில் போய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள். அதற்குக் கீழே நின்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்தார்கள். பதினஞ்சு அண்ணன் கைலியோடு வாசலில் நின்று, அவர்கள் எடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். மாப்பிள்ளையின் அத்தை அவரிடமே, "இந்த டெகரேஷன் யாருங்க போட்டது, நல்லா இருக்கே" என்று கேட்டிருக்கிறார். "காத்துங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரே குறை, அவர் பருமனான ஆள். ஃபாய்ல் அவரைத் தூக்கக் கொஞ்சம் யோசிக்கும். ஒருமுறை தூக்கியது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அவர் கடலைவிட்டு மேலே இருந்தார். பிறகு தொபுக்கென்று விழுந்தார். அந்த ஒரு மூச்சைப் பற்றி அவர் ஒரு வருஷம் பேசினார்.

காற்றை வரவழைப்பதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. காற்று மனிதர்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. சின்னப் பாயைக் கட்டினால் காற்று அலட்சியமாகப் போய்விடும். பெரிய பாயைக் கட்டினால், இவனை இன்றைக்குக் கவிழ்த்தே தீர வேண்டும் என்று வீம்புக்கு வரும். எனவே பெரியதைக் கட்டி மணலில் நன்றாகத் தெரியும்படி வைக்க வேண்டும். சின்னதை வேனுக்குள் ஒளித்து வைக்க வேண்டும். காற்று ஏமாந்து வந்த உடனே பெரியதை மணலிலேயே போட்டுவிட்டு, சின்னதைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் இறங்க வேண்டும். அந்தக் கடற்கரைக்கு வரும் நாலைந்து பேரும் இதைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். வேனுக்குப் பின்னால் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் ஒருநாள் "ரேச்சல், சின்ன விங் எங்க வெச்சிருக்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அலமாக், அக்கா," என்றார் பதினஞ்சு அண்ணன், "கேட்டுருச்சு."

ரேச்சல் என் ஒரே மகள். எஸ்டிபிஎம் தேர்வு எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று தெரியாமல் வீட்டில் இருந்தாள். நாள் முழுக்கக் கைப்பேசி. ஒருநாள் பதினஞ்சு அண்ணன் வேனில் சாமான் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, நானும் வரட்டுமா அங்கிள் என்று கேட்டுவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். சிங்கப்பூரில் வேலை செய்து களைத்து வரும் என் கணவர் மட்டும், "போகட்டுமே, வீட்ல இருந்து என்னா பண்றா" என்றார். நானும் கூடவே போனேன். நீந்தத் தெரியாத நீ போய் என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்டார். கவலைப்படப் போகிறேன் என்றேன்.

வாரம் முழுக்க எனக்குப் பள்ளிக்கூட வேலை, ஞாயிறு காலை பூசை, மதியம் கடல். கடற்கரையில் ஒரு மர நிழலில் நாற்காலி போட்டு, ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓர் ஆறு அகலமாக விரிந்து கடலில் சேரும் இடம் அது. தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்கும். அதற்கும் அப்பால் வேறு நாடு. தண்ணீர் வற்றும்போது ஆறு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகும். தென்னை மட்டை, பிளாஸ்டிக் போத்தல், ஒருநாள் ஒரு முழு நாற்காலி. அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரேச்சல் சில வாரங்களிலேயே பறந்துவிட்டாள். இலை அசையாத காற்றில் அவள் பலகை எழும்பும். பதினஞ்சு அண்ணனுக்குப் பொறாமையும் பெருமையும் ஒன்றாக வந்தன. "வெயிட்டே இல்ல அக்கா அவ. வீட்ல சாப்பாடு போடுறீங்களா இல்லையா?"

"ஏன் போடாம? அவதான் சாப்பிடுறதில்ல."

"அப்படியே விட்டுருங்க. சாப்பிட ஆரம்பிச்சா என்ன மாதிரி ஆயிருவா."

நான் சிரித்தேன். அந்தக் கடற்கரையில் நான் கவலைப்படாமல் இருந்த மிகச் சில நிமிடங்களில் அது ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் யாரும் வரவில்லை. நாங்கள் மூவர்தான். வானம் மங்கலாக இருந்தது. ரேச்சலே பெரிய விங்கில் காற்றடித்து, மணலில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள். சின்னது, அந்த ஆரஞ்சு, வேனுக்குள் இருந்தது. பதினஞ்சு அண்ணன் அன்றைக்கு ஒரு குட்டிப் பலகை கொண்டுவந்திருந்தார். புதிது. அது ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே ஆளைத் தாங்கும். நின்றுவிட்டால் ஆளோடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். ரேச்சல் எடை இல்லாதவள், அவள் ஓட்டிப் பார்க்கட்டும் என்றார்.

கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. நல்ல காற்று. மரக்கிளைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

"ஏமாந்துருச்சு அங்கிள்," என்றாள் ரேச்சல், தாழ்ந்த குரலில்.

"போ போ போ, சின்னத எடு," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தீங்களா அக்கா, புரிஞ்சிக்கிட்டா" என்றார்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள். அதை நான் இழுத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். அவள் எழும்பிப் போன அழகை நான் மறுக்கமாட்டேன். ஆற்றின் வாயைத் தாண்டி, வெளியே, மிகச் சின்னதாக ஆகும்வரை போனாள். அப்போது காற்று நின்றது. விசிறியை யாரோ அணைத்த மாதிரி நின்றது. நாங்கள் காற்று என்று நினைத்துக் கொண்டாடியது, தூரத்தில் திரண்டுகொண்டிருந்த இடிமழைக்கு முன்னால் வரும் மூச்சு. பெரிய விங் கையில் இருந்திருந்தால் மிச்சமிருந்த காற்றில் மெதுவாகவாவது திரும்பியிருப்பாள். அது எங்கள் பக்கத்தில் மணலில் கிடந்தது. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது.

பதினஞ்சு அண்ணன் பேசிக்கொண்டிருந்ததை நடுவில் நிறுத்தினார். கரையோரம் படகில் வலை எடுத்துக்கொண்டிருந்த மீனவரைப் பார்த்து ஒரே ஒரு தடவை கத்தினார். அந்த மலாய்க்காரரை எல்லாரும் பாக் லாங் என்பார்கள். "பாக் லாங், தோலோங். புடாக் ஹான்யுட்." உதவி, பிள்ளையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை என் மகளைப் பற்றியது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

பாக் லாங் இஞ்சினைக் கிளப்பினார். நான் திரும்பிப் பார்த்தபோது பதினஞ்சு அண்ணன் படகில் இல்லை. வேனுக்குப் பின்னால் இருக்கும் ஏணியில் ஏறிக் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். அந்த உடம்போடு எப்படி ஏறினார் என்பது தெரியவில்லை. வலது கையைக் கடல் பக்கம் நேராக நீட்டியிருந்தார்.

"அண்ணே, எறங்குங்க. நீங்களும் போட்ல போங்க. நீச்சல் தெரியும்ல?"

கை அப்படியே நீண்டிருந்தது.

"ஒங்களத்தான் அண்ணே. காது கேக்கலையா?"

"அக்கா, தல தெரியுது. கருப்பா ஒரு புள்ளி. இப்ப ஒங்க பக்கம் திரும்புனேன்னா மறுபடி கண்டுபிடிக்க முடியாது. பேசாதீங்க."

நான் பேசினேன். என்னவெல்லாம் பேசினேன் என்று எழுத மனம் இல்லை. அவர் கண்ணை எடுக்கவில்லை. கடலில் எனக்கு ஆரஞ்சு விங் நன்றாகத் தெரிந்தது. படகும் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இவர் கை அதைக் காட்டவில்லை. அதற்கு வெகு தூரம் இடது பக்கம், வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஆரஞ்சு அங்க இருக்கு அண்ணே. நீங்க எங்க காட்டுறீங்க?"

"கையில கட்டுற கயிறு அந்துருச்சு. விங் தனியா போவுது. புள்ள அங்க இல்ல."

படகு விங்கை அடைந்தது. பாக் லாங் அதைத் தூக்கிப் பார்த்ததும், கீழே யாரும் இல்லாமல் அவர் சுற்றிலும் திரும்பியதும் கரையிலிருந்தே தெரிந்தது. அப்போது பாக் லாங் கரைப் பக்கம் திரும்பினார். வேன் கூரையில் நீட்டிய கை ஒன்று இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். படகு மெல்ல வளைந்து, அந்தக் கை காட்டிய பக்கம் போகத் தொடங்கியது.

மழை வந்தது. அதுவரை கறுப்பாகத் தெரிந்த கப்பல்கள் சாம்பலாகி, பிறகு இல்லாமல் போயின. பதினஞ்சு அண்ணன் முகத்தைத் துடைக்கவில்லை. துடைத்தால் கண் மூடும்.

"அக்கா," என்றார். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. "மேல வாங்க. கை தாழுது. புடிச்சிக்கணும்."

நான் ஏணியில் ஏறியதே இல்லை. அன்று ஏறினேன். ஈரக் கூரை வழுக்கியது. அவர் முழங்கைக்குக் கீழே என் தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். கனமான கை.

"எங்க அண்ணே? எங்க இருக்கா?"

"நீங்க பாக்காதீங்க அக்கா. நீங்க பாத்தா ஆடுவீங்க, நீங்க ஆடுனா கை ஆடும். கைய மட்டும் பாருங்க."

எனவே என் மகள் கடலில் இருந்த அந்த நேரம் முழுக்க நான் கடலைப் பார்க்கவில்லை. ஒரு மனிதருடைய முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வலிக்கு ஒட்டும் கோயோக் ஒன்று ஒட்டியிருந்தது. மழையில் அதன் ஒரு மூலை பிய்ந்து மேலே வந்திருந்தது. பக்கத்தில் ஒரு கொசுக்கடி. ஜெபமாலை நாற்காலியிலேயே கிடந்தது. எந்த ஜெபமும் எனக்கு முழுசாக வரவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் வேறு நாட்டுக் கடலுக்குள் போய்விட்டால் அவளை என்ன செய்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி ஒரு நேரத்தில் மனம் இதையும் யோசிக்கிறது.

"ஏத்திட்டாரு," என்றார்.

நான் நம்பவில்லை.

"ஏத்திட்டாரு அக்கா. போட்ல ரெண்டு தல தெரியுது."

அதற்குப் பிறகும் கை கீழே இறங்கவில்லை. அவருக்கே இறக்கத் தெரியவில்லை. நான்தான் மெதுவாக மடக்கிக் கீழே வைத்தேன். படகு கரைக்கு வந்து சேரும்வரை இருவரும் கூரையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவரால் இறங்க முடியவில்லை. கீழே பார்த்துவிட்டு, "இவ்ளோ ஒயரமா?" என்றார். பாக் லாங் ஒரு காலையும் ரேச்சல் ஒரு காலையும் பிடித்து, ஏணியில் ஒவ்வொரு படியாக வைத்து இறக்கினார்கள். காப்பாற்றப்பட்டவள் காப்பாற்றியவரை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், போர்டு பத்திரமா இருக்கு," என்பதுதான் அவள் முதலில் சொன்னது. உதடு நீலமாக இருந்தது. நான் அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கிய கையாலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

பாக் லாங் தலையைத் துவட்டிக்கொண்டே, "சாயா தாக் நம்பாக் டியா. சாயா இக்குட் தாங்ஙான் சஹாஜா" என்றார். அவருக்கு அவள் தெரியவே இல்லையாம். கையை மட்டும் பார்த்துப் போனாராம். மோதுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தலையைக் கண்டாராம்.

மறுநாள் மாலை அவரும் மனைவியும் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. அவர் வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. அன்று காலை ஒற்றைக் கையால் வேன் ஓட்டியிருக்கிறார். பின்னால் இருந்த பெண்கள் வழி முழுக்க ஜெபம் செய்தார்களாம், அவரவர் மதப்படி.

"அக்கா," என்றார், "காத்துக்குக் கண்ணும் கெடையாது காதும் கெடையாது. எனக்குத் தெரியும். சும்மா வெளையாட்டுக்குச் சொல்றது. புள்ள நெசமாவே சின்னத எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. நானும் போ போன்னு சொன்னேன்."

"நீங்க இல்லன்னா கெடைச்சிருக்க மாட்டா அண்ணே."

"நான் இல்லன்னா போயே இருக்க மாட்டா."

இரண்டும் உண்மை. "இனிமே அவள அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"அனுப்பாதீங்க," என்றார் உடனே. அவர் கொஞ்சம் வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தெருக் குழுவில் அவர் குரல் வரவில்லை. பேட்மிண்டன் ஆட நினைத்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் வலையைச் சுருட்டி வைத்தார்கள். ரேச்சல் என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பிய்ந்த அந்தக் கோயோக் மூலைதான் தெரிந்தது. இன்றும் சில நாள் தெரிகிறது.

ஒருநாள் சமையலறையில் அவளாகவே சொன்னாள். "அம்மா, தண்ணியில நான் அவ்ளோ பயப்படல. கரையில வேன் தெரிஞ்சிச்சு. மேல ஒரு ஆள் நின்னாரு. அப்புறம் ரெண்டு ஆளா ஆச்சு. அப்புறம் மழையில ஒரே ஆள் மாதிரி தெரிஞ்சிச்சு. எனக்கு எதுவும் கேக்கல, ஆனா யாரோ பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு தெரிஞ்சிச்சு."

நான் வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். அன்று மாலை நான்தான் அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

இப்போது மறுபடி போகிறோம். ரேச்சல் பெரிய பலகையில், காற்றுக்கு ஏற்ற விங்கோடு, தண்ணீர் ஏறும் நேரத்தில் மட்டும் இறங்குகிறாள். யாரும் எதையும் வேனுக்குள் ஒளித்து வைப்பதில்லை. அவள் தண்ணீரில் இருக்கும்போது பதினஞ்சு அண்ணன் இறங்குவதில்லை. அவர் இறங்கும்போது அவள் கரையில் உட்கார்ந்து பார்க்கிறாள், அவர் அதிக தூரம் போவதில்லை என்றாலும். புதுச் சாமான் வாங்கும் ஆசையும் குறைந்துவிட்டது. கடைசியாக அவர் வாங்கியது ஒரு மடக்கு நாற்காலி. அதை என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவார். உட்கார்ந்தால் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார், என் பக்கம் திரும்பவும் மாட்டார். அவள் கரையேறும்வரை அப்படியே இருப்பார்.

நான் ஃப்ளாஸ்க்கில் கோப்பி கொண்டுபோகிறேன். ஊற்றி அவர் பக்கத்தில் வைப்பேன். அவர் அதைப் பார்க்கமாட்டார். அது ஆறிவிடும். நான் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றி வைப்பேன். அவர் திரும்பும் நேரத்துக்கு அது சூடாக இருக்க வேண்டும்.